‘ப’ சொன்னால் மூடும் கண்

ஒண்ணாம் வகுப்பில் நான் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம்தான்: எழுத்தைச் சொல்லும்போது என் வாயைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினால் ஒரு முறைப்போடு விட்டுவிடுவேன். சிலேட்டை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அதையும் மன்னிப்பேன். வாயைப் பார்க்காத பிள்ளைக்கு மட்டும் என்னிடமிருந்து தப்ப வழி கிடையாது. “வாயைப் பாரு, வாயைப் பாரு” என்று நான் போடும் சத்தத்தில் தங்கள் வகுப்புப் பிள்ளைகளும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

எழுத்து முதலில் சத்தம். சத்தத்துக்கு முதலில் வாய். இரண்டு உதடும் ஒட்டித் திறந்தால் பானா, ஒட்டியபடியே மூக்கில் இழுத்தால் மானா, மேல்பல் கீழுதட்டைத் தொட்டால் வானா. இதைக் கண்ணால் பார்த்துக் கற்ற பிள்ளை சாகும்வரை மறக்காது என்பது என் கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளியில் பதினோரு வருடம் அந்தக் கட்சியை நடத்தினேன். வீடு ராஜபாளையத்தில், தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வேறு வகுப்பு நான் கேட்டதில்லை, கொடுத்தபோதும் வாங்கிக்கொள்ளவில்லை. ஒன்றுமே தெரியாமல் வந்த பிள்ளை ஒரு நாள் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் பாருங்கள், அந்தப் பார்வை எனக்கே வேண்டும் என்ற பேராசை. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தப் பதினோராவது வருடத்தின் ஒரு மார்கழிக் காலையில், அந்த வாய் கோணிக்கொண்டது.

பல் தேய்த்துவிட்டுக் கொப்பளித்தால் தண்ணீர் இடது பக்கமாகத் தானாக ஒழுகியது. சோப்பு கண்ணில் எரிந்தது. இமையை மூடினால் மூடவில்லை. என் கணவர் நூற்பாலையில் ஃபிட்டர். ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

“ஏட்டி, என்ன இது? மொகம் ஒரு பக்கமா இழுத்திருக்கு!”

ஒன்றுமில்லை, பயப்படாதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ‘ப’ வரவில்லை. ‘ஃப்’ என்று காற்றுதான் வந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பக்கவாதமோ, உயிர் போய்விடுமோ என்றுகூடத் தோன்றவில்லை. பானா போய்விட்டது என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

டாக்டர் பக்கவாதம் இல்லை என்றார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை தருகிறேன், தூங்கும்போது இமையை மூடி பிளாஸ்திரி போடுங்கள், அநேகமாகச் சரியாகிவிடும் என்றார். ஊர் அப்படி விடுமா? பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்காற்று வாங்கியதுதான் காரணம் என்று தெரு முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாய் கோணும் என்றால் ராஜபாளையம் தாலுகாவில் நேரான வாய் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. லீவு முடிந்து பஸ் ஏறிய முதல் நாளே ஜன்னலோரமாகத்தான் போய் உட்கார்ந்தேன். மப்ளர் கட்டச் சொன்னவர்களிடம், நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். என் கணவர் தேவதானத்தில் யாரிடமோ சொல்லி வைத்து ஞாயிறுதோறும் புறாக்கறி வாங்கி வந்தார். வாதத்துக்குப் புறாதான் மருந்து என்று மில்லில் சொன்னார்களாம். அதை மட்டும் மறுக்கவில்லை. மருந்தோ இல்லையோ, அவர் மிளகு போட்டு வறுக்கும் விதம் நன்றாக இருக்கும்.

மருத்துவமனையில் ஒருவர் பலூன் ஊதச் சொன்னார், சூயிங்கம் மெல்லச் சொன்னார், முகத்தை இறுக்கி இறுக்கி விடச் சொன்னார். எவ்வளவு ஊத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் மில் சங்கு ஊதும்போது தொடங்கி, கன்னம் வலித்து, கண்ணில் தண்ணீர் வந்து, பலூன் வெடிக்கும் வரை ஊதுவேன். அடுத்ததை எடுப்பேன். நான் முயற்சி செய்யவில்லை என்று என்னை ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. தாடையை இறுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, என் முகத்தோடு நான் சண்டை போட்டேன்.

வெயில் காலத்தில் வாய் அசைந்தது. உதடு ஒட்டியது. ‘ப’ வந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது புதுப் பிள்ளைகள் முன்னால் போய் நின்று பழையபடி சத்தம் போட்டேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் வந்து, “எங்க?” என்றார். “வில்லிபுத்தூர் ஒண்ணு” என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழிக்காமல் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார். மறுநாள் டிக்கெட் கொடுக்கும்போது விரலைத் தேவையில்லாமல் என் உள்ளங்கையில் தேய்த்தார். அதற்கு மறுநாள், “என்ன டீச்சர், தெனமும் நம்ம வண்டிதானா?” என்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் புரியவே இல்லை.

புரிய வைத்தவர் மம்சாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு தகப்பனார். மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். என்னிடம் வரவில்லை, நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

“எம்மவன் என்னைய அப்பான்னு கூப்பிடும்போதெல்லாம் கண்ணடிக்கான்” என்றார் அவர். “மொதல்ல சிரிச்சோம். விருந்தாளி வந்த எடத்துல அம்மான்னு சொல்லிட்டு அவளப் பார்த்துக் கண்ணடிக்கான். எங்க மாமனாரு ஒரு அறை வச்சுட்டாரு. எவன்ல சொல்லிக்குடுத்தான்னு கேட்டா, டீச்சர்தான்ங்கான்.”

நான் சொல்லிக்கொடுப்பதா? அந்த ஆளை முறைத்தேன். தலைமையாசிரியை எழுந்து என் வகுப்புக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். “எல்லாரும் ‘அப்பா’ சொல்லுங்க” என்றார்.

முழு வகுப்பும் ஒரே குரலில் ‘அப்பா’ என்றது. ‘ப்பா’ வரும் இடத்தில் சரியாக, வரிசை வரிசையாக, ஆளுக்கு ஒரு கண் மூடித் திறந்தது. சிலருக்கு வலது கண், சிலருக்கு இடது கண். ஒரு கண்ணை மட்டும் மூட வராதவர்கள் இரண்டையும் மூடினார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி, விரலால் இமையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அக்கறையாக ‘அப்பா’ என்றாள்.

பிள்ளைகள் மேல் ஒரு தவறும் இல்லை. பார்க்கச் சொன்னேன், பார்த்தார்கள். உதடு ஒட்டும்போது ஒரு கண்ணும் மூட வேண்டும், அதுதான் பானா என்று படித்துக்கொண்டார்கள். முகம் கோணியதிலிருந்து நான் கண்ணாடியை ஒழுங்காகப் பார்ப்பதில்லை. பொட்டு வைக்கிற அளவுக்கு நெற்றியை மட்டும் பார்த்துக்கொள்வேன். மற்றவர்கள் பார்த்திருந்தாலும் நோயின் மிச்சம் என்று சொல்லாமல் விட்டிருப்பார்கள். அன்று ஸ்டாஃப் ரூமில் இருந்த கண்ணாடி முன்னால் நின்று ‘ப’ என்றேன். என் இடது கண் பட்டென்று மூடித் திறந்தது. ‘ம’ என்றேன். மறுபடியும். வில்லிபுத்தூர் என்றேன். வீனாவுக்கு ஒரு முறை, பூனாவுக்கு ஒரு முறை. கண்டக்டருக்குத் தினமும் இரண்டு தரம் கண்ணடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். “பொம்பளப் பிள்ளைகளும் இருக்கு டீச்சர். தெருவுல போயி எவனையாவது பார்த்துக் கண்ணடிச்சா நாம பதில் சொல்ல முடியுமா?” என்றார். “நாளையிலேர்ந்து அஞ்சாம் வகுப்பு எடுத்துக்கிடுங்க. அதுக எல்லாம் வாசிக்கத் தெரிஞ்ச பிள்ளைங்க. உங்க மொகத்தைப் பார்க்கணும்னு இல்ல.”

“எம்புட்டு நாளைக்கு?”

“ஜூன்ல மொகம் சரியாகி வாங்க. நிர்வாகச் செயலர்கிட்ட நான் பேசுதேன்.”

“சரியாகலைன்னா?”

அவர் வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டார். முகம் சரியாகாவிட்டால் ஒண்ணாம் வகுப்பு எனக்கு இல்லை. அவ்வளவுதான் அதன் அர்த்தம்.

பிள்ளைகளுக்குக் கண்ணடிப்பது ஒரே மாதத்தில் மறந்துபோனது. எனக்குத்தான் அடுத்த ஜூன் வரை எல்லா நாளும் தேவைப்பட்டது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையில், ஒரு பெண் பிசியோதெரபி பார்ப்பதாக டாக்டர் சொல்லி அனுப்பினார். முப்பது வயதுகூட இருக்காது. தலையில் முக்காடு, மேலே வெள்ளைக் கோட்டு. கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த பாயின் மகள். மதராஸில் படித்துவிட்டு, “வெளியூர்ல இருந்தா கூடுதலா சம்பாதிக்கலாம்” என்று சொன்ன சொந்தக்காரர்களை எல்லாம் மீறி ஊருக்கே திரும்பி வந்தவள். டாக்டர் என்று கூப்பிட்டால், “நான் டாக்டர் இல்ல டீச்சர்” என்பாள். மேசை மேல் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. டேப்ரெக்கார்டர் அளவு. முகப்பில் மேலும் கீழுமாக இரண்டு வரிசைச் சின்னச் சின்ன விளக்குகள்.

“இதுக்குப் பேரு பயோஃபீட்பேக்” என்றாள். “கரண்டு வைக்கிற மெஷின் இல்ல, பயப்படாதீங்க. உங்க சதை செய்யுத வேலையை இது கேக்கும். கேட்டுட்டு உங்களுக்கே திருப்பிச் சொல்லும். அம்புட்டுத்தான்.”

வாயோரத்தில் ஒரு வில்லை, கண்ணுக்குக் கீழே ஒரு வில்லை, காதுக்குப் பின்னால் ஒன்று. பசை தடவி ஒட்டி வயரை மாட்டினாள். உதடு அசைந்தால் கீழ் வரிசை எரியும். கண்ணைச் சுற்றியுள்ள சதை இறுகினால் மேல் வரிசை எரியும், கூடவே கீச்சென்று ஒரு சத்தமும் வரும். கீழ் வரிசை எரிய வேண்டும், மேல் வரிசை எரியக் கூடாது. இதுதான் ஆட்டம். “‘ப’ சொல்லுங்க” என்றாள். சொன்னேன். பெட்டி கத்தியது. மேல் வரிசை கடைசி விளக்கு வரை எரிந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று விளக்கினாள். “வீங்கிக் கெட்டுப்போன நரம்பு திரும்ப வளருதப்போ வழி மாறிப் போயிருக்கு. வாய்க்குப் போற லைன்ல ஒண்ணு கண்ணுக்குப் போயிருச்சு. லைன்மேன் மாத்திக் குடுத்துட்டா பக்கத்து வீட்டுக்காரன் சுவிட்ச் போட நம்ம வீட்டுல பல்பு எரியும்லா, அந்த மாதிரி.” பிறகு என்னைப் பார்த்து, “பலூன் ஊதுனீங்களா?” என்றாள்.

“ஊதாம? வெடிக்க வெடிக்க ஊதுனேன்.”

“அதான்” என்றாள். “தப்பா ஒட்டுனதை நல்லா இறுக்கிக் கட்டிட்டீங்க. பலமாச் செய்யச் செய்ய வாயும் கண்ணும் சேர்ந்தே பழகிருச்சு.”

அந்த நிமிடத்தில் அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. மாதக்கணக்கில் கன்னம் வலிக்க வலிக்க ஊதியதற்கு ஒரு சபாஷ்கூடச் சொல்லாமல், அதுதான் தப்பு என்கிறாள். “ஊர்ல எல்லாரும் முயற்சி பண்ணு, முயற்சி பண்ணுன்னு உயிரை எடுக்காக. நீ பண்ணாதேங்கியே?” என்று கேட்டேன்.

“பண்ணுங்க டீச்சர். கொஞ்சமாப் பண்ணுங்க. இது குஸ்தி இல்ல.”

வாரத்தில் இரண்டு நாள் பள்ளி விட்டதும் பஸ் ஏறிவந்து அந்த மாடிப்படியில் ஏறுவேன். உட்காருவேன், ‘ப’ என்பேன், பெட்டி கத்தும். கொஞ்சமாக என்றால் எவ்வளவு கொஞ்சம்? எனக்குக் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. கொஞ்சமாகத் திட்டியதில்லை, கொஞ்சமாக அழுததில்லை. உதட்டை மெதுவாக ஒட்டினால்கூட உள்ளே பல்லைக் கடித்திருப்பேன். அதுவும் அந்தப் பெட்டிக்குத் தெரிந்துவிடும். மனிதர்களிடம் எதையாவது மறைக்கலாம். அதனிடம் முடியவில்லை. சில நாள் பாதியில் கரண்ட் போய்விடும். அப்போது கைக்கண்ணாடியைக் கொடுத்து அதைப் பார்த்துச் செய்யச் சொல்வாள். கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கு முகம் தெரியவில்லை, அவமானம்தான் தெரிந்தது. அந்தப் பெட்டி பரவாயில்லை என்று தோன்றும். அதற்கு நான் பெண் என்றோ டீச்சர் என்றோ தெரியாது.

கண்டக்டர் விஷயத்தை அந்த மாதமே முடித்துவிட்டேன். சில்லறையைச் சரியாக வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் டிக்கெட் வாங்கலாம் என்று ஒரு வாரம் ஊமையாக நடித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. நான் பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அடுத்த திங்கட்கிழமை அவர் பக்கத்தில் வந்ததும், பஸ் முழுக்கக் கேட்கும்படி, “வில்லிபுத்தூர்” என்றேன். கண் இரண்டு முறை மூடியது. “பார்த்துக்கிட்டீகளா? இது நரம்புக் கோளாறு. ராஜபாளையத்துல வைத்தியம் நடக்கு. உங்களைப் பார்த்து அடிச்ச கண்ணு இல்ல. இனி கை பட்டுச்சுன்னா டெப்போவுக்கு வருவேன்” என்றேன். சேத்தூரிலிருந்து காய்கறிக் கூடையோடு வந்திருந்த பெண்கள் கடகடவென்று சிரித்தார்கள். அவர் டிக்கெட்டை இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டினார். அதன் பிறகு எத்தனை முறை கண்ணடித்தாலும் அந்த பஸ்ஸில் ஒருவரும் என்னைத் தவறாகப் பார்க்கவில்லை.

பெட்டி மட்டும் மசியவில்லை. புரட்டாசி போனது, ஐப்பசி போனது. ஐந்தாம் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒண்ணாம் வகுப்பு தெரியும். என் இடத்தில் வந்த டீச்சர் பலகையில் எழுதிப்போட்டு, குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் குச்சி நுனியைப் பார்த்துக்கொண்டு கத்தினார்கள். அவர் முறையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு வரத்தான் செய்யும். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கில்லை, பொறாமைதான்.

கார்த்திகையில் ஒரு நாள், ஐந்தாம் வகுப்பில் நாள் முழுக்கக் கத்திக் குரல் கட்டி, பஸ்ஸும் தாமதமாகி, நின்றுகொண்டே வந்து சேர்ந்தேன். மாடி ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றோடு இதை விட்டுவிடுவது என்று. வில்லைகளை ஒட்டினாள். “இனிமே வரமாட்டேன்” என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லக்கூடத் தெம்பில்லை. “‘ப’ சொல்லுங்க” என்றாள். சொல்லித் தொலைப்போம் என்று உதட்டை ஒட்டித் திறந்தேன். சத்தம் பாதிதான் வந்தது.

கீழ் வரிசையில் இரண்டு விளக்கு எரிந்தது. மேல் வரிசை இருட்டாக இருந்தது. பெட்டி கத்தவில்லை.

“அதே மாதிரி இன்னொரு தரம்” என்றாள். அதே மாதிரி என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பலமாகச் சொன்னேன், மேல் வரிசை பொங்கி எரிந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. “செத்த நேரம் சும்மா இருங்க டீச்சர். பொறவு சொல்லலாம்.” சும்மா இருந்தேன். கீழே கடையில் துணிச் சுருளைத் தூக்கிப்போடும் சத்தம் கேட்டது. பிறகு மறுபடியும், வேண்டா வெறுப்பாக, ‘ப’ என்றேன். மேல் வரிசை இருட்டு.

சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அத்தனை மாதம் முழு மூச்சாகப் போராடியபோதெல்லாம் என்னைப் பார்த்துக் கத்திய பெட்டி, நான் கையை விரித்த அன்றைக்குத்தான் வாயை மூடியது. என்ன நியாயம் இது? வீட்டுக்குப் போய் என் கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி, “மெஷின்ல நட்டைக்கூட ஒரு அளவுக்குத்தாம்ட்டி முறுக்கணும். மேல முறுக்குனா மரை கழண்டுரும்” என்றார். இத்தனை நாள் இவர் ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவரிடமும் சண்டை போட்டேன்.

நான் அடங்கிப்போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள நான் போட்ட பிடிவாதம் பலூனுக்குப் போட்டதைவிடப் பெரியது. பத்து நிமிடம் செய்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினேன். இன்னும் ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று கை பரபரக்கும். தொடையின் மேல் வைத்து அழுத்திக்கொள்வேன். ஒண்ணாம் வகுப்புப் பாடப் புத்தகத்தையே கொண்டுபோய் அவள் மேசையில் வைத்து, முகத்தில் வயரோடு படித்தேன். பம்பரம். பப்பாளி. மாமா. ‘அம்மா’வில் கண் அடங்கி, ‘அப்பா’வில் திமிறும். ‘பாப்பா’வில் இரண்டு முறை திமிறும். தை மாதத்தில் ‘பாப்பா’ அடங்கியது. மாசியில் ஒரு நாள் பஸ்ஸில் “வில்லிபுத்தூர்” என்றபோது கண் அசையவில்லை. கண்டக்டர்தான் முதலில் கவனித்தார். “சரியாயிருச்சே டீச்சர்!” என்று அவர் சத்தமாகச் சொன்னபோது அவர் மேல் இருந்த பழைய கோபம் பாதி போய்விட்டது. பாதிதான்.

பங்குனியில் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டாள். “இனி இது இல்லாம மொகம் ஞாபகம் வச்சுக்கிடணும்” என்றாள். நான் மாடிப்படி இறங்குவதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். “பேச்சு உங்க கைக்குள்ள வந்துருச்சு. சிரிப்பு அப்படி இல்ல டீச்சர். நெசமாவே சிரிப்பு வந்தா, நீங்க யோசிக்கதுக்கு முன்னாடியே கண்ணு மூடிரும். வேணும்னா சின்னதாச் சிரிக்கப் பழகலாம். அதுக்கும் பயிற்சி இருக்கு.”

பழகினேன். உதட்டை லேசாக இழுத்து, கண்ணைத் திறந்தே வைத்து, அளவாக ஒரு சிரிப்பு. மூன்று வாரம் கழித்து என் கணவர், “யாரு வீட்டுக்கோ விருந்துக்குப் போன மாதிரியே சிரிக்கியேட்டி” என்றார். அன்றோடு அந்தப் பயிற்சியை விட்டேன். பானா நான் சொல்லிக்கொடுக்க வேண்டியது, அதனால் திருத்தினேன். சிரிப்பு யாருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது இல்லை. அது எப்படி வருகிறதோ வரட்டும்.

ஜூன் வந்தது. தலைமையாசிரியை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முதல் நாளே ஒண்ணாம் வகுப்பில் நிற்கச் சொன்னார். ஆனால் செயலரும் வந்து பார்ப்பார் என்றார். பள்ளிக்கூட நிர்வாகத்தின் செயலர் ஊரில் பெரிய வியாபாரி. வெள்ளைச் சட்டை கலையாத மனிதர். பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சில், முழங்கால் மார்பைத் தொட, கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் தலைமையாசிரியை நின்றார். இதில் தவறினால் ஓய்வு பெறும் வரை ஐந்தாம் வகுப்பு ஜன்னல்தான்.

பாடத்தைத் தொடங்கினேன். புதுப் பிள்ளைகள், பாதிப் பேர் அழுது முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருந்தார்கள். அம்மா என்றேன். அப்பா என்றேன். பம்பரம், பப்பாளி, மாமா, பாப்பா. உதடு ஒட்டித் திறந்தது. கண் தன் பாட்டுக்குத் திறந்தே இருந்தது. செயலர் என் வாயைப் பார்க்கவே இல்லை. இடது கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று நேராக அவரைப் பார்த்து இன்னொரு தரம் ‘பாப்பா’ என்றேன். தலைமையாசிரியை முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “பானாவுல தொடங்குத மாதிரி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க பார்ப்போம்” என்றேன். ஒருத்தி பட்டம் என்றாள். ஒருவன் பல்லி என்றான். மூன்றாவது வரிசையில் ஒரு பொடியன், டவுசரை இழுத்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, மிகவும் யோசித்து, “பொண்டாட்டி” என்றான்.

யாரால் அடக்க முடியும்? எனக்கு வயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. இடது கண் முழுதாக மூடிக்கொண்டது, கன்னம் மேலே ஏறியது, கண்ணீர் வழிந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்து வகுப்பு முழுக்கச் சேர்ந்து சிரித்தது. செயலர் மட்டும் சிரிக்கவில்லை.

வராந்தாவுக்கு என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் பேசினார். “பாடம் நல்லா எடுக்கீக டீச்சர். பேசும்போது ஒண்ணும் தெரியல. ஒண்ணாம் வகுப்பே எடுத்துக்கிடுங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. என்ன, சிரிக்கும்போது மட்டும்தான் பார்க்க ஒரு மாதிரி இருக்கு. பிள்ளைங்க முன்னால சிரிக்காம இருந்துக்கிட்டா போதும்.”

“அவிய சொல்லுததும் ஒரு நியாயம்தான டீச்சர்” என்றார் தலைமையாசிரியை, தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் கேட்ட வகுப்பு கைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருக்கலாம். உள்ளே அந்தப் பொடியன் தான் சொன்னது தப்போ என்று பயந்து வாசலையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். சிரிக்காத முகத்தோடு நான் திரும்பிப் போனால் தப்புதான் என்று அவன் முடிவு செய்துவிடுவான். ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் நாள் முழுக்க நின்றுகொண்டு சிரிக்காமல் இருக்க வேண்டுமாம். அதற்கு அந்தக் கோணல் வாயோடே இருந்திருக்கலாம்.

“எழுதிக் குடுங்க சார்” என்றேன்.

“என்னது?”

“ஒண்ணாம் வகுப்பு டீச்சர் சிரிக்கக் கூடாதுன்னு ஒரு ஆர்டர். உங்க கையெழுத்துப் போட்டு, பள்ளிக்கூட சீல் வச்சுக் குடுங்க. வாசல்ல ஒட்டி வச்சுக்கிடுதேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுத தாய் தகப்பனுக்கும் தெரியணும்லா.”

அவர் தலைமையாசிரியையைப் பார்த்தார். தலைமையாசிரியை வேறு எங்கோ பார்த்தார். “அதெப்படி டீச்சர் எழுதிக் குடுக்க முடியும்?” என்றார்.

“எழுத முடியாததை எப்படி சார் சொல்ல முடியும்?”

என் குரல் நடுங்கியது. நடுங்கினாலும் ஒரு ‘ப’வுக்குக்கூடக் கண் மூடவில்லை, அதை நான் கவனித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, “போங்க, பாடத்தை நடத்துங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடத்தினேன். ஓய்வு பெறும் நாள் வரை அதே ஒண்ணாம் வகுப்பில்தான் நடத்தினேன். சிரிப்பு வந்த நாளெல்லாம் ஒரு கண் மூடியே சிரித்தேன். அந்த ஆர்டரை மட்டும் யாரும் எழுதிக் கொண்டுவரவில்லை.